நட்ட கன்று ஏன் செத்தது? செம்மண் மேட்டில் மரம் நடுவோருக்கான பிழை நீக்கும் வழிமுறை

ஐப்பசியில் நட்ட கன்று சித்திரையில் குச்சியாக நிற்கிறது. வெயில் கடுமை என்று சொல்லிக்கொண்டு அடுத்த மழைக்கு அதே குழியில் இன்னொரு கன்றை வைக்கிறோம். அதுவும் போகிறது. பல ஆண்டுகள் இப்படியே செய்திருக்கிறேன். செத்த கன்றை வேரோடு தோண்டிப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான், வெயிலின் மேல் போட்ட பழிகளில் பாதி எங்கள் கைவேலை என்று தெரிந்தது. ஆகவே இந்த வழிமுறைக்கு ஒரே ஒரு நிபந்தனை: செத்ததைத் தோண்டிப் பார்க்காமல் அந்தக் குழியில் புதுக்கன்று வைக்காதீர்கள்.

நான் எழுதுவது புதுச்சேரிக்கு வடக்கே, விழுப்புரம் மாவட்டக் கடலோரத்தில் இருக்கும் செம்மண் மேட்டை மனத்தில் வைத்து. மேல்மண் போய், மழைநீர் அறுத்த பள்ளங்கள் ஆள் உயரத்துக்கும் மேலே பிளந்து கிடக்கும் நிலம் அது. பெருமழை பெய்தால் ஓடைகள் வழியே மண் இறங்கி, கரையோரக் கடல் செந்நிறமாகிவிடும். 1968-இல் ஆரோவில் தொடங்கியபோது இந்த மேட்டில் பனைகளும் சில கோயில் தோப்புகளும் தவிர மரம் என்று சொல்ல அதிகம் இல்லை. இன்று அங்கே காடு நிற்கிறது. வரப்புப் போட்டு மழைநீரை நிறுத்தியதும், நட்டதை ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டதும்தான் அதற்குக் காரணம். உங்கள் நிலம் வேறு மண்ணாக இருந்தால் அளவுகளை மாற்றிக்கொள்ளுங்கள். பார்க்கும் முறை மாறாது.

தேவையான கருவிகள்: கடப்பாரை, மண்வெட்டி, ஒரு வாளி தண்ணீர், பேனாக்கத்தி, ஒரு நோட்டு. பேனாக்கத்தி எதற்கு என்றால், இலை கொட்டிய கன்றெல்லாம் செத்த கன்று இல்லை. தண்டின் அடியில் நகக்கண் அளவுக்குப் பட்டையைச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது; அதைப் பிடுங்காமல் தண்ணீர் கொடுங்கள். பழுப்பாகக் காய்ந்திருந்தால் தோண்டலாம். நோட்டில் எந்தக் குழி, என்ன மரம், எப்போது நட்டது, தோண்டியபோது என்ன தெரிந்தது என்று எழுதிவையுங்கள். இருபது குழிகள் எழுதி முடிக்கும்போது, ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருவது உங்களுக்கே தெரிந்துவிடும்.

அறிகுறி: நட்ட பத்து நாளுக்குள் இலை தொங்குகிறது, மண்ணோ ஈரமாக இருக்கிறது

கன்றைச் சுற்றியுள்ள மண்ணை ஓரமாக விலக்கி, பையிலிருந்து வந்த வேர்க்கட்டிக்குள் விரலை விடுங்கள். வெளியே சேறு, உள்ளே தூசி. இதைத்தான் பெரும்பாலும் பார்ப்பீர்கள். நாற்றங்காலிலிருந்து லாரியில் வந்து, நடும் நாள்வரை வெயிலில் கிடந்த பைகளில் மண் கட்டியாகி இறுகிவிடும். மேலே ஊற்றும் தண்ணீர் அதற்குள் இறங்காமல் பக்கவாட்டில் வழிந்துவிடும்.

நடுவதற்கு முன் ஒவ்வொரு பையையும் வாளித் தண்ணீரில் முழுதாக அமிழ்த்துங்கள். குமிழி வருவது நின்ற பிறகு எடுத்து நடுங்கள். ஏற்கெனவே நட்டுவிட்டால் கன்றைச் சுற்றிக் கிண்ணம்போல் பாத்தி கட்டி, ஒரே மூச்சில் ஊற்றாமல், கால் மணி நேர இடைவெளியில் மூன்று தடவையாக ஊற்றுங்கள்.

வேர்க்கட்டி ஈரமாக இருந்தும் வாடினால் வேறு இரண்டைப் பாருங்கள். பையைக் கிழிக்கும்போது வேர்க்கட்டி உடைந்திருக்கலாம். அல்லது மண்ணை மிதித்து இறுக்காமல் விட்டதால் வேரைச் சுற்றிக் காற்று நின்றிருக்கலாம். பின்னதுக்கு, குதிகாலால் நன்றாக மிதித்துவிட்டுத் தண்ணீர் விட்டால் போதும். முன்னதுக்கு மருந்து இல்லை. இலையில் பாதியைக் கிள்ளி, பனையோலையால் மேற்குப் பக்கம் நிழல் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். பையோடு சேர்த்தே நட்ட கன்றுகளையும் நான் தோண்டி எடுத்திருக்கிறேன். கூட்டமாக நடும் நாளில் இது நடக்கும். கிழித்த பைகளை எண்ணி வாங்குங்கள். நட்ட கன்றுகளின் எண்ணிக்கையும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அறிகுறி: மழை நன்றாகப் பெய்தது, ஒரு அடிக்குக் கீழே மண் காய்ந்தே இருக்கிறது

சிதைந்த நிலத்தின் மூல நோய் இதுதான். இதைச் சரிசெய்யாமல் மற்ற எதைச் செய்தாலும் வீண். அதனால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

நல்ல மழை பெய்த மறுநாள் காலை, நிலத்தில் மூன்று இடங்களில் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி வெட்டி, பக்கச் சுவரைப் பாருங்கள். ஈரத்தின் நிறம் எங்கே முடிகிறது? நாலு விரல் ஆழத்திலேயே முடிந்தால் பெய்த மழை உங்கள் நிலத்துக்கு வரவில்லை, ஓடைக்குப் போய்விட்டது. மேல்மண் இழந்த செம்மண்ணில் மழைத்துளி அடித்து அடித்து மேலே ஓடுபோல் ஒரு பொருக்குக் கட்டிவிடும். அதன்மேல் விழும் நீர் சறுக்கிக்கொண்டு ஓடும். ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில், அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களிலேயே கொட்டிவிடும் ஊரில், அந்த நாட்களில் நீரை நிறுத்தாவிட்டால் ஆண்டு முழுவதும் கையிருப்பு இல்லை.

நடுவதற்கு முந்தைய கோடையிலேயே சரிவுக்குக் குறுக்கே, மட்டம் பிசகாமல் வரப்புப் போட வேண்டும். கண்ணால் மட்டம் பார்க்காதீர்கள். கொத்தனார்கள் சுவருக்கு மட்டம் பார்க்கும், உள்ளே நீர் தெரியும் நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, இரண்டு ஆட்கள் இரு முனையைப் பிடித்துக்கொண்டால் போதும். ஒரே மட்டத்தில் வரும் இடங்களில் குச்சி நட்டுக்கொண்டே போங்கள். அந்தக் குச்சிக் கோடு வளைந்து நெளிந்து போகும். அதை நேராக்க நினைக்காதீர்கள். மேட்டுப் பக்கம் மண்ணெடுத்து, கீழ்ப் பக்கம் ஒன்றரை முதல் இரண்டு அடி உயரத்துக்குக் கரை எழுப்புங்கள். அரை அடிக்கு ஒருமுறை மண்ணை நனைத்து மிதித்துவிட்டு அடுத்த அடுக்கைப் போடுங்கள். கரையின் ஒரு முனையில், கரை உச்சியைவிட ஒரு சாண் தாழ்வாக, மிஞ்சும் நீர் வழிந்தோடக் கல் பாவிய சிறு கலிங்கு கட்டாயம் வேண்டும். தண்ணீருக்கு நாம் வழி விடாவிட்டால் அது தானே வழி வெட்டிக்கொள்ளும்.

வரப்பு உடைந்துவிட்டதா? உடைந்த இடத்தைப் பார்த்தாலே காரணம் தெரியும். கரை தாழ்ந்த இடத்தில் உடைந்திருந்தால் மட்டம் தவறு. நடுவில் ஓட்டை விழுந்து உடைந்திருந்தால் எலி வளையோ, மண்ணோடு சேர்த்துப் புதைத்த சருகோ, வேர்க்கட்டையோ இருந்திருக்கும். எதுவானாலும் உடைப்பின் மேல் மண்ணைக் கொட்டி மூடாதீர்கள். பழைய மண்ணும் புதிய மண்ணும் ஒட்டாது. அடுத்த மழையில் அதே வாய் திறக்கும். உடைப்பின் இரு பக்கமும் இரண்டு அடி பழைய கரையைப் படிப்படியாக வெட்டி எடுத்து, அடித்தளத்திலிருந்து அடுக்கடுக்காக மிதித்துக் கட்டுங்கள்.

மழை அறுத்த பள்ளங்களில் வேலையை எப்போதும் தலைமாட்டிலிருந்து, அதாவது மேல்முனையிலிருந்து, தொடங்குங்கள். அங்கே தண்ணீர் குறைவு. முழங்கால் உயரக் கல்லடுக்குக்கே அடங்கும். பள்ளம் அகலமாக வாய்விட்டிருக்கும் கீழ்முனையில் முதலில் பெரிய அணை போட்டு, அது ஒரே இரவில் போனதைப் பார்த்திருக்கிறேன். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. அப்படிப்பட்ட மழையைக் கீழே நின்று தடுக்க முடியாது. மேலே ஒவ்வொரு வரப்பும் தன் பங்கைப் பிடித்துக்கொண்டிருந்தால்தான் கீழே வருவது குறையும்.

அறிகுறி: இலை மஞ்சளாகிறது

எந்த இலை மஞ்சள் என்று பாருங்கள். அடியில் உள்ள முதிர்ந்த இலைகள் முதலில் வெளுத்து, நுனிக்கொழுந்து பச்சையாக இருந்தால் தழைச்சத்துப் பற்றாக்குறை. இரண்டு கை மட்கிய தொழு எருவை வேரிலிருந்து ஒரு அடி தள்ளிப் போட்டு மண்ணால் மூடுங்கள். மட்காத சாணத்தைப் போடாதீர்கள். அது வேரைச் சுடும், கரையானையும் அழைக்கும்.

கன்று முழுவதும் ஒரே சமயத்தில் மஞ்சளாகி, வேரைத் தோண்டினால் அழுகல் நாற்றம் வருகிறதா? குழி தொட்டியாகிவிட்டது. கீழே சரளைப் பாறை இறுகிக் கிடக்கும் இடங்களில் வெட்டிய குழிக்கு வடிகால் இருக்காது. நாம் ஆசையாக எருவும் வண்டலும் போட்டு நிரப்புகிறோம். மழைநீர் அதில் இறங்கி நிற்கிறது, வேர் மூச்சு முட்டிச் சாகிறது. குழி வெட்டியதும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மறுநாளும் அது நின்றால் அடியைக் கடப்பாரையால் குத்தி உடைக்க வேண்டும். உடையாவிட்டால் அந்தக் குழியைக் கைவிடுங்கள். வட்டக் குழியைவிடச் சதுரக் குழி நல்லது. மூலைகளில் வேர் வெளியே புகுந்துகொள்ளும்.

அறிகுறி: தண்டு கடிபட்டிருக்கிறது

நுனி கிழிந்து பிய்ந்திருந்தால் ஆடு. கத்தியால் சாய்வாக வெட்டியதுபோல் இருந்தால் முயல். மண்மட்டத்தில் செம்மண் பூச்சு ஏறி, உள்ளே பட்டை தின்னப்பட்டிருந்தால் கரையான்.

கரையான் மேல் உடனே பழி போடாதீர்கள். பெரும்பாலும் அது நோயாளிக் கன்றைத்தான் பிடிக்கிறது. தண்ணீர்ப் பஞ்சத்தில் தவிக்கும் கன்றுக்கும், தண்டை ஒட்டி வைக்கோல் குவித்த கன்றுக்கும் அது வரும். ஈரம் காக்க மண்மேல் பரப்பும் சருகு, வைக்கோல் மூடாக்கைத் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்; குழி மண்ணில் ஒரு பிடி வேப்பம் புண்ணாக்குக் கலந்துவிடுங்கள்; முக்கியமாக, தண்ணீர் கொடுங்கள்.

ஆட்டுக்கு மருந்து வேலி என்று எல்லோரும் சொல்வார்கள். அதற்கு முன்னால் ஒரு நடை நடக்க வேண்டும். மரம் நடத் தேர்ந்தெடுக்கும் ‘தரிசு’ பெரும்பாலும் யாரோ ஒருவரின் மேய்ச்சல் நிலம். பட்டாவில் பெயர் இருக்காது, ஆனால் மூன்று தலைமுறையாக அந்த வழியில் ஆடு போயிருக்கும். நாங்கள் ஒரு மேட்டைச் சுற்றி முள்வேலி போட்டபோது, வேலி இரண்டு முறை பிரிக்கப்பட்டது. மூன்றாம் முறை ஆடு மேய்க்கும் அம்மா ஒருவரைத் தேடிப் போய்க் கேட்டேன். “ஏரிக்குப் போகிற வழியை அடைத்துவிட்டீர்களே தம்பி, ஆட்டுக்கு யார் தண்ணீர் காட்டுவது?” என்றார். வேலியை இரண்டாகப் பிரித்து நடுவில் பத்தடி வழி விட்டோம். உள்ளே வளரும் புல்லை அறுத்துக்கொண்டு போகலாம் என்றும் சொன்னோம். அதற்குப் பிறகு வேலியை யாரும் தொடவில்லை. அந்த அம்மாவே மற்றவர் ஆடுகளை விரட்டினார். ஊராட்சியில் அனுமதி வாங்கும்போதே, அங்கே யார் மேய்க்கிறார்கள், யார் விறகு பொறுக்குகிறார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

வேலி போட முடியாத இடத்தில் முதல் வரிசையாக ஆடு வாய் வைக்காத ஆவாரையையும் விராலியையும் நடுங்கள். அவற்றின் மறைவில் மற்றவை எழும்.

அறிகுறி: மாசிவரை பச்சை, பங்குனியில் சருகு

தோண்டினால் வேர் இன்னும் பையின் வடிவத்திலேயே இருக்கும். தாமதமாக நட்டிருக்கிறீர்கள். மார்கழியில் நடும் கன்றுக்கு, மண் காயும் முன் ஆழத்துக்கு வேர் விட அவகாசமில்லை. விழாவுக்கு வசதியான தேதி, மழைக்கு வசதியான தேதி என்று இரண்டு இருந்தால் மழையின் பக்கம் நில்லுங்கள். இந்தக் கரையோரத்தில் மண் ஒரு அடி நனைந்தவுடன், புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசித் தொடக்கத்திலோ நட்டுவிட வேண்டும்.

கோடைத் தண்ணீரிலும் ஒரு தவறு நடக்கிறது. தினமும் ஒரு செம்பு ஊற்றினால் மேல்மண் மட்டும் நனைந்து, வேரும் மேலேயே படரும். வாரம் ஒருமுறை பத்து லிட்டர் ஊற்றினால் நீர் கீழே இறங்கும், வேர் அதைத் தேடிப் போகும். மேலே சருகு மூடாக்கு நாலு விரல் கனத்துக்கு இருக்கட்டும்.

இதோடு சேர்ந்த அறிகுறி: நடும் நாளில் நூறு பேர், சித்திரையில் மூன்று பேர்

இதுவும் ஒரு நோய்தான். அதற்குக் கணக்குதான் மருந்து. 300 கன்றுக்கு வாரம் பத்து லிட்டர் என்றால் 3,000 லிட்டர், அதாவது 300 வாளி. ஒருவர் ஒரு காலையில் 30 வாளி சுமப்பார் என்று வைத்தால் வாரா வாரம் பத்துப் பேர் வேண்டும். மாசியிலிருந்து ஆனிவரை ஏறக்குறைய இருபது வாரம். உங்களிடம் சித்திரை வெயிலில் உண்மையாக வரக்கூடியவர்கள் நாலு பேர்தான் என்றால், நட வேண்டிய கன்று 120. ஆயிரம் கன்று நட்ட படம் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் செத்த எண்ணூற்றுச் சொச்சம் கன்றுக்கும் நாற்றங்காலில் யாரோ ஓராண்டு தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். அந்த உழைப்பை மதிக்க வேண்டும்.

அறிகுறி: நாலு ஆண்டு வளர்ந்த மரம் காற்றில் வேரோடு சாய்கிறது

சாய்ந்த மரத்தின் வேரைப் பாருங்கள். பை இருந்த இடத்தில் வேர் பாம்பு சுருண்டதுபோல் வட்டமாகச் சுற்றியிருக்கும். பையில் ஓராண்டுக்கு மேல் கிடந்த கன்று இப்படித்தான் ஆகும். நட்ட பிறகு அதைத் திருத்த வழியில்லை. நடும்போதே பேனாக்கத்தியால் வேர்க்கட்டியின் அடியில் இரண்டு விரற்கடை அறுத்து எறிந்து, பக்கவாட்டில் மூன்று இடத்தில் மேலிருந்து கீழாகக் கீறிவிடுங்கள். கை கூசும். ஆனாலும் செய்யுங்கள்.

வேர் நன்றாக இருந்தும் விழுந்தால், மரத்தைத் தேர்ந்ததில் பிழை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கத்திச்சவுக்கு இந்தச் செம்மண்ணில் மளமளவென்று வளரும். மண்ணுக்குத் தழைச்சத்தும் தரும். வெறுந்தரையில் முதல் நிழலை அதுதான் கொடுத்தது, அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் 2011 டிசம்பர் 30-இல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே தானே புயல் கரை கடந்தபோது, கூட்டமாக விழுந்ததும் அதுதான். அதன் நிழலில் வளர்ந்திருந்த நம் மண்ணின் மரங்கள் பெரும்பாலும் நின்றன.

அறிகுறி: சாகவில்லை, ஆனால் வளரவும் இல்லை

என்ன மரம் என்று முதலில் கேளுங்கள். கருங்காலி, வீரை, உலக்கைப்பாலை, காசா, காட்டு எலுமிச்சை என்றால் பதறாதீர்கள். சோழமண்டலக் கரையின் வறண்ட பசுமைமாறாக் காட்டு மரங்கள் இவை; முதல் சில ஆண்டுகள் மண்ணுக்குக் கீழேதான் வளரும். முட்டிக்கால் உயரத்தில் மூன்று ஆண்டு நின்ற வீரையை நான் பார்த்திருக்கிறேன். இலை கனமாகவும் பளபளப்பாகவும் இருந்தால் அது நலமாக இருக்கிறது.

வெட்டவெளியில் நட்டிருந்தால் நிழல் கொடுங்கள். மேற்குப் பக்கம் விராலியோ ஆவாரையோ நட்டால் ஓராண்டில் குடை பிடிக்கும். எந்த மரத்தை எங்கே நடுவது என்ற சந்தேகம் வந்தால் கீழ்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயில் காட்டுக்குப் போய் ஒரு காலை நடந்து பாருங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியே இருக்கிறது. ஐயனாருக்கு அஞ்சி ஊரார் வெட்டாமல் விட்டது, இன்று நமக்குப் பாடமாக நிற்கிறது. எது ஓரத்தில் வளர்கிறது, எது உள்நிழலில், எது எதன்மேல் படர்கிறது என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். விதை எடுக்கும்முன் கோயில்காரர்களிடம் கேளுங்கள். நாவல், வேம்பு விதைகள் சில வாரங்களில் முளைப்புத் திறனை இழக்கும். சேர்த்த வாரத்திலேயே விதைத்துவிடுங்கள்.

அறிகுறி: நாங்கள் நடாத செடி கன்றுகளுக்கு இடையே முளைத்திருக்கிறது

இதற்காகத்தான் களையெடுக்க வருபவர்களிடம் மண்வெட்டியைக் கொடுக்காமல், முதலில் அவர்களோடு ஒரு சுற்று நடக்க வேண்டும். சீமைக் கருவேலமாக இருந்தால், நாலு இலை விடுவதற்குள் மழை ஈரத்தில் வேரோடு பிடுங்குங்கள். வெட்டினால் பல கிளையாகத் துளிர்க்கும். மற்றபடி, மரத்தடியிலோ வேலிக்கம்பத்துக்குக் கீழேயோ, பறவை உட்காரும் இடத்துக்கு நேர்கீழே கூட்டமாக முளைத்திருந்தால் கை வைக்காதீர்கள். கொண்டைக்குருவி எங்கோ பழம் தின்று இங்கே எச்சமிட்டிருக்கிறது. எங்கள் மேட்டில் ஆறாவது ஆண்டில் முதலில் வந்தது ஒரு களாச் செடி. களை என்று எண்ணி அதன் பக்கத்துச் செடியை ஒருவர் பிடுங்கியும்விட்டார். அதன்பின், பறவை விதைத்த ஒவ்வொரு செடிக்கும் அருகே சுண்ணாம்பு பூசிய குச்சி நட்டு, நோட்டில் தேதியோடு குறித்து வருகிறோம். அந்தச் செடிகளுக்கு மட்டும் நாங்கள் தண்ணீர் ஊற்றுவதில்லை.